வாசகர் கேட்டவை: நம் வெயிலில் கெஃபிர்

சென்ற இதழில் கெஃபிர் என்ற புளித்த பால் பானம் பற்றி நான்கு வரிக் குறிப்பு ஒன்று வந்ததும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். பால் பதனத் தொழில்நுட்பம் அறிந்தவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

வீட்டில் தினமும் தயிர் உறைகிறது. அதில் இல்லாத எதைக் கெஃபிர் தந்துவிடப் போகிறது?
— வாசகி, மதுரை

நியாயமான கேள்வி. தயிர் நன்றாக ஒத்துக்கொள்கிற வீட்டில் கெஃபிருக்கு மாறித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

தயிரைப் புளிக்க வைப்பவை பெரும்பாலும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். கெஃபிரில் அவற்றோடு பல வகை ஈஸ்ட்டுகளும், கொஞ்சம் அசிட்டிக் அமில பாக்டீரியாவும் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. இவை குடியிருப்பது வெள்ளை வெள்ளையான சிறு மணிகளில். கடைக்காரர்கள் ‘கிரெய்ன்ஸ்’ என்று விற்பது இதைத்தான். பார்க்கப் பூக்கோசுத் துண்டு மாதிரி இருக்கும், விரலால் அமுக்கினால் வழுக்கிக்கொண்டு ரப்பர்போல எழும்பும். கெஃபிரான் என்ற வழவழப்பான பொருளும் பால் புரதமும் சேர்ந்து இந்த மணியைக் கட்டுகின்றன. பெயரில் தானியம் இருந்தாலும் அரிசிக்கும் கோதுமைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

தயிருக்குப் பழைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றுகிறோம். கெஃபிரில் பால் புளித்ததும் மணிகளை வடிகட்டி எடுத்து அடுத்த பாலில் போடுகிறோம். சரியாகப் பராமரித்தால் அவை ஆண்டுக்கணக்கில் வளர்ந்துகொண்டே இருக்கும். மணியிலிருந்துதான் மணி வரும். தயிரிலிருந்தோ மோரிலிருந்தோ வீட்டில் புதிதாக உண்டாக்க முடியாது.

பிறந்த இடம் வடக்குக் காகசஸ். அந்த மலைப்பகுதியில் வாழும் கராச்சாய், பால்கர், ஒசேத்திய மக்கள் தோல் பைகளில் பாலை ஊற்றிப் புளிக்க வைத்தார்கள். அங்கிருந்து ரஷ்ய நகரங்களுக்குப் போய் 20ஆம் நூற்றாண்டில் ஆலைத் தயாரிப்பானது. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், கெஃபிர் என்று பெயர் போட ஒரு கிராமில் குறைந்தது 1 கோடி நுண்ணுயிர்களும் 10 ஆயிரம் ஈஸ்ட்டுகளும் இருக்க வேண்டும் என்கிறது. அந்த ஈஸ்ட்தான் லேசான நுரையையும், நாக்கில் சுருக்கென்ற உணர்வையும் தருகிறது. பலருக்கு அது பிடிக்கும். சிலருக்குக் கடைசி வரை பிடிக்காது, அவர்கள் தயிரோடு நிம்மதியாக இருக்கலாம்.

முதன்முறை செய்யப் போகிறேன். அளவோடு முழுச் செய்முறை வேண்டும்.
— வாசகர், கோயம்புத்தூர்

தேவையானவை: பால் 500 மி.லி., ஈரமான மணி 10 கிராம் (இரண்டு டீஸ்பூன்), 750 மி.லி. கொள்ளும் வாயகன்ற கண்ணாடி பாட்டில், மெல்லிய பருத்தித் துணி, ரப்பர் பேண்ட், கொஞ்சம் பெரிய கண் உள்ள வடிகட்டி. காபி, டீ வடிகட்டியின் கண் மிகச் சிறியது. கெட்டியான கெஃபிர் அதில் இறங்காது. நீங்கள் பொறுமை இழந்து கரண்டியால் தேய்ப்பீர்கள், மணி நசுங்கும்.

பாலை வழக்கம்போலக் காய்ச்சுங்கள். கறந்த பாலாக இருந்தால் பொங்கக் காய்ச்சாமல் பயன்படுத்தவே கூடாது. பிறகு முழுவதும் ஆற விடுங்கள். நம்மவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். தயிருக்கு வெதுவெதுப்பில் உறை ஊற்றிப் பழகிய கை, கெஃபிருக்கும் அதையே செய்துவிடுகிறது. கெஃபிர் மணிக்குப் பிடித்த சூடு 20 முதல் 25 டிகிரி. 40 டிகிரியைத் தாண்டினால் அது நலியத் தொடங்கும். பாலில் சுத்தமான விரலை வைத்தால் சூடே தெரியக் கூடாது. மேலே படியும் ஆடையை எடுத்துவிடுங்கள். வடிகட்டும்போது அது மணிகளோடு சுற்றிக்கொண்டு தொல்லை தரும்.

பாட்டிலில் மணியைப் போட்டு, பாலை ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அடுப்புப் பக்கமும், குளிர்சாதனப் பெட்டியின் தலைமேலும் வேண்டாம். அங்கே சூடு சில டிகிரி கூடுதலாக இருக்கும். இடையில் ஒரு முறை பாட்டிலை மெதுவாகச் சுழற்றிவிட்டால் மணியைச் சுற்றி மட்டும் புளிப்பது குறையும்.

பத்து மணி நேரம் ஆனதும் பாட்டிலைச் சற்றுச் சாயுங்கள். பால் தண்ணீர்போல ஓடாமல், கண்ணாடியை விட்டு வழுவழுவென்று ஒரே திரளாக நகர்ந்தால் தயார். மணிகள் மேலே மிதக்கும், அவற்றுக்கு அடியில் ஊசி முனை அளவு நீர்க்குமிழிகள் தெரியத் தொடங்கியிருக்கும். வடிகட்ட வேண்டிய தருணம் அதுதான். வடிகட்டியில் ஊற்றி, மரக்கரண்டியாலோ சிலிக்கான் கரண்டியாலோ அலைத்தால் போதும், அழுத்த வேண்டாம்.

மணியைக் கழுவாமல் அடுத்த பாலில் போடுங்கள். பாட்டிலை மட்டும் ஒவ்வொரு முறையும் தேய்த்துக் கழுவி, வெந்நீர் விட்டு, சோப்பு வாடை போக அலசுங்கள். வடித்த கெஃபிரை மூடி, குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்தால் சுவை அடங்கிச் சேரும். ஒரு வாரத்துக்குள் குடித்துவிடலாம்.

24 மணி நேரம் என்றுதான் எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். எனக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரத்திலேயே கட்டி மேலே, தண்ணீர் கீழே என்று பிரிந்துவிடுகிறது. கள் வாடை வேறு. மணி கெட்டுவிட்டதா?
— வாசகர், திருச்சி

கெடவில்லை. அளவுக்கு மீறிச் சுறுசுறுப்பாக இருக்கிறது. அந்த 24 மணி நேரம், அறை 20, 22 டிகிரியில் இருக்கிற ஊர்க்காரர்களின் கணக்கு. உங்கள் சமையலறை சித்திரையில் 34 டிகிரி. அந்தச் சூட்டில் எல்லாமே வேகமாக நடக்கும், அதிலும் ஈஸ்ட்டின் கை ஓங்கும். கள் வாடைக்குக் காரணம் அதுவே. பாலின் புளிப்பு ஓர் எல்லையைத் தாண்டினால் புரதம் இறுகி, தெளிந்த மஞ்சள் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். பிரிந்தது கெட்டுப்போனது அல்ல. கலக்கி வடிகட்டினால் குடிக்கலாம், புளிப்புத்தான் தூக்கலாக இருக்கும்.

நேரத்தைக் குறைப்பதைவிட மணியைக் குறைப்பது நல்ல வழி. ஏப்ரல், மே மாதங்களில் அரை லிட்டர் பாலுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் போதும். அப்போதும் அவசரப்பட்டால் பாலை 750 மி.லி. ஆக்குங்கள். மணி வளர்ந்துகொண்டே இருப்பதை மறந்துவிட்டு, முதல் மாதம் போட்ட அதே அளவுப் பாலையே ஊற்றிக்கொண்டிருப்பதுதான் பல வீடுகளில் பிரிதலுக்குக் காரணம். இரண்டு, மூன்று வாரத்தில் மணி இரட்டிப்பாகக் கூடும். வாரம் ஒரு நாள் தராசில் நிறுத்துப் பார்த்து, மிச்சத்தை எடுத்துவிடுங்கள். கேட்கிறவர்களுக்குக் கொடுக்கலாம், அப்படியே மென்றும் தின்னலாம்.

அடுத்தது, வைக்கும் நேரம். இரவு ஒன்பது மணிக்கு ஊற்றிக் காலை ஏழு மணிக்கு வடிகட்டுங்கள். பகல் சூட்டிலிருந்து தப்பிக்கலாம். அகலமான மண்சட்டியில் தண்ணீர் விட்டு, அதில் பாட்டிலை நிறுத்தி, ஈரத்துணியைச் சுற்றி வைத்தால் இன்னும் சில டிகிரி குறையும். வறண்ட காற்றுள்ள உங்கள் ஊரில் இது நன்றாக வேலை செய்யும். சென்னை, நாகப்பட்டினம் மாதிரி ஈரக்காற்று ஊர்களில் பெரிதாகப் பலன் இருக்காது. அங்கே ஐந்து மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, மீதியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் ஓர் இரவு மெதுவாகப் புளிக்க விடலாம்.

கள் வாடை விடாமல் தொடர்ந்தால், மணியை 250 மி.லி. புதுப் பாலில் போட்டு மூன்று, நான்கு நாள் குளிர்சாதனப் பெட்டியிலேயே வையுங்கள். குளிரில் ஈஸ்ட் அடங்கும். அந்தப் பாலைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் ஒரே ஒரு முறை, காய்ச்சி ஆறிய தண்ணீரில் மணியை அலசலாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், வேண்டாம்.

ஊட்டியில் இருக்கிறோம். ஒரு நாள் முழுதும் ஆகியும் பால் பாலாகவே இருக்கிறது.
— வாசகி, உதகமண்டலம்

மேலே சொன்னதைத் தலைகீழாகச் செய்யுங்கள். அரை லிட்டருக்கு 20 கிராம் மணி, 30 முதல் 36 மணி நேரம். குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல் வைக்க வேண்டாம் என்று கோவைக்காரருக்குச் சொன்னோம். உங்களுக்கு அதுதான் சரியான இடம்.

இணையத்தில் காய்ந்த மணி வாங்கினேன். ஐந்து நாளாகப் பாலை மாற்றுகிறேன், உறையவே இல்லை. ஏமாந்துவிட்டேனா?
— வாசகி, சென்னை

அவசரப்படாதீர்கள். காய்ந்த மணி விழிக்க ஐந்து நாள் முதல் பத்து நாள் வரை பிடிக்கும். ஒரு டீஸ்பூனுக்கு 100 மி.லி. பால் மட்டும் போதும். 24 மணி நேரத்துக்கு ஒரு முறை, உறைந்தாலும் உறையாவிட்டாலும் பாலை மாற்ற வேண்டும். இந்த நாட்களில் வடிக்கும் பாலைக் குடிக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் இன்னும் சமநிலைக்கு வராததால் வாடை ஒரு மாதிரி இருக்கும். மஞ்சளாக, கரடாக இருந்த மணி வெளுத்து, உப்பி, வழுக்கத் தொடங்குவதுதான் நல்ல அறிகுறி. உறைய ஆரம்பித்ததும் பாலை 50 மி.லி. வீதம் கூட்டிக்கொண்டே போங்கள்.

பத்து நாள் கடந்தும் மாற்றம் இல்லையென்றால் வேறு நிறுவனப் பாலில் ஒரு முறை முயலுங்கள். பாலில் ஆன்டிபயாடிக் மருந்தின் மிச்சம் இருந்தாலும் உறையாது. அதே பாலில் தயிரும் சரியாக உறையவில்லை என்றால் சந்தேகம் பாலின் மேல்தான்.

வாங்கும்போது பாக்கெட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். மணி வேறு, ‘ஸ்டார்ட்டர்’ தூள் வேறு. தூளில் செய்ததை ஐந்தாறு முறை உறையாகத் தொடரலாம், பிறகு வலு குறையும். அதிலிருந்து மணி உருவாகாது.

டொரண்டோவில் கடையிலேயே கெஃபிர் பாட்டில் கிடைக்கிறது. அதில் கொஞ்சம் உறை ஊற்றினால் போதாதா?
— வாசகர், கனடா

இனிப்போ பழமோ சேர்க்காத, உயிருள்ள நுண்ணுயிர்கள் உண்டு என்று அச்சிட்ட பாட்டிலாகப் பார்த்து, 250 மி.லி. பாலுக்கு மூன்று டேபிள்ஸ்பூன் ஊற்றுங்கள். உறையும், குடிக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் ஆலைகளில் பெரும்பாலும் மணி இல்லாமல், தேர்ந்தெடுத்த சில நுண்ணுயிர்களைக் கொண்டே தயாரிக்கிறார்கள். பாட்டில் வெடிக்கக் கூடாது என்பதற்காக ஈஸ்ட்டைக் குறைத்திருப்பார்கள். எனவே நுரையும் சுருக்கும் குறைவு, சில சுற்றுகளில் வெறும் புளித்த பாலாகிவிடும்.

எவர்சில்வர் பட்டால் மணி செத்துவிடும் என்கிறார்களே?
— வாசகர், சேலம்

சாகாது. நல்ல எவர்சில்வர் வடிகட்டி, கரண்டி இரண்டும் தாராளமாகப் பயன்படுத்தலாம். கூடாதவை அலுமினியம், செம்பு, பித்தளை. புளிப்பு அவற்றை அரிக்கும்.

பால் குடித்தால் எனக்கு வயிறு உப்பும். கெஃபிர் குடிக்கலாமா? எவ்வளவு?
— வாசகி, திருநெல்வேலி

உப்பக் காரணம் பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரை என்றால் கெஃபிர் உங்களுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். புளிக்கும்போது லாக்டோஸில் சுமார் கால் பங்கு குறைகிறது. மீதியைச் சிதைக்கும் நொதியும் அந்த நுண்ணுயிர்களோடு சேர்ந்தே குடலுக்குள் போகிறது. 2003இல் அமெரிக்காவில் லாக்டோஸ் செரிக்காத 15 பேரிடம் சோதித்தபோது, பாலோடு ஒப்பிட்டால் வாயுத் தொல்லை பாதிக்கும் கீழே இறங்கியது. அந்தச் சோதனையில் தயிரும் ஏறத்தாழ அதே பலனைத் தந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் நாளே ஒரு டம்ளர் குடித்துவிட்டு, ‘வயிறு இரைகிறது’ என்று நிறுத்துகிறவர்கள் அதிகம். முதல் வாரம் 50 மி.லி., சாப்பாட்டோடு. ஒத்துக்கொண்டால் அடுத்த வாரம் 100, பிறகு 200. அதற்கு மேல் தேவையில்லை. பால் புரதமே ஒவ்வாமை என்றால் தொடவே கூடாது, புளிக்க வைப்பதால் அந்தப் புரதம் மறைந்துவிடாது.

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், புற்றுநோய் எல்லாவற்றுக்கும் கெஃபிர் என்று வாட்ஸ்அப்பில் பட்டியல் வருகிறது. எதை நம்புவது?
— வாசகர், தஞ்சாவூர்

பட்டியல் எவ்வளவு நீளமோ அவ்வளவு சந்தேகப்படுங்கள். முதலில் இது பால். 250 மி.லி.யில் சுமார் 8 கிராம் புரதம், 300 மி.கி. கால்சியம் இருக்கின்றன. பெரியவருக்கு நாளொன்றுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்லும் 1000 மி.கி. கால்சியத்தில் இது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

சர்க்கரை விஷயத்தில், ஈரானில் டைப் 2 நோயாளிகள் 60 பேரிடம் எட்டு வாரம் நடந்த ஆய்வில், தினமும் 600 மி.லி. கெஃபிர் குடித்தவர்களுக்கு எச்பிஏ1சி (இரண்டு, மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவு, ஆனால் சிறிய ஆய்வு, குறுகிய காலம். அதை வைத்து மாத்திரையைக் குறைப்பது விபரீதம். ஒரு டம்ளரில் இன்னமும் 8, 9 கிராம் சர்க்கரை உண்டு, அதையும் அன்றைய உணவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு பற்றிய முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணானவை. புற்றுநோய் பற்றிச் சொல்லப்படுவது பெரும்பாலும் ஆய்வகக் கிண்ணத்தில் உள்ள செல்களிலும் எலிகளிலும் பார்த்தது. மனிதருக்கு மருந்து என்று சொல்ல ஆதாரம் இல்லை. உண்மையில் கீமோதெரபி எடுப்பவர்களும், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களும் வீட்டு கெஃபிரைத் தவிர்ப்பதுதான் நல்லது. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு உயிருள்ள நுண்ணுயிரே ஆபத்தாகலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியம், பாஸ்பரஸ் கணக்கைப் பார்க்க வேண்டியிருப்பதால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

இதில் ஆல்கஹால் உண்டு என்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?
— வாசகி, நாகர்கோவில்

உண்டு, மிகக் கொஞ்சம். ஈஸ்ட் இருக்கும் இடத்தில் அது இல்லாமல் இராது. ஒரு நாளுக்குள் வடிக்கும் வீட்டு கெஃபிரில் பொதுவாக 1 விழுக்காட்டுக்குள் இருக்கும். நேரம், சூடு, சர்க்கரை, இறுக்கிய மூடி ஆகிய நான்கும் அதைக் கூட்டும். அறவே கூடாது என்ற விரதமோ மார்க்க நெறியோ உள்ளவர்களுக்குத் தயிர் இருக்கவே இருக்கிறது.

ஒரு வயதுக்குக் கீழே வேண்டாம். அதற்கு மேல், சீக்கிரம் வடித்த, புளிப்புக் குறைந்த கெஃபிராக இரண்டு ஸ்பூனில் தொடங்கலாம். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எடுக்கும் நாட்களிலும், குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் எடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும். டெட்ராசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளைப் பாலில் உள்ள கால்சியம் உடம்பில் சேர விடாது, அவற்றுக்கும் கெஃபிருக்கும் சில மணி நேர இடைவெளி வேண்டும்.

மேலே வெள்ளையாகப் படலம் படிந்திருக்கிறது. ஒரு மூலையில் ரோஸ் நிறம். எடுத்துப் போட்டுவிட்டுக் குடிக்கலாமா?
— வாசகர், புதுச்சேரி

படலம் வேறு, ரோஸ் வேறு. சமமாக, மெல்லியதாக, மயிர் இல்லாமல் படிந்த வெள்ளைப் படலம் பெரும்பாலும் ஈஸ்ட். எடுத்துவிட்டு, அடுத்த முறை நேரத்தைக் குறைத்தால் போதும். ரோஸ், ஆரஞ்சு, பச்சை, கறுப்பு எது தெரிந்தாலும், பஞ்சுபோல மயிர் எழுந்திருந்தாலும், அழுகல் வாடை வந்தாலும் பாலோடு மணியையும் சேர்த்துக் குப்பையில் போடுங்கள். கழுவிக் காப்பாற்றும் வேலையே வேண்டாம். இத்தனை நாள் வளர்த்தோமே என்று மனசு கேட்காதுதான். அதற்காகவே கொஞ்சம் மணியைக் காயவைத்துத் தனியாக வைத்திருங்கள்.

ஒரு மாதம் ஊரில் இருக்க மாட்டோம். மணியை என்ன செய்வது?
— வாசகி, ஈரோடு

பத்து நாள் வரை என்றால், ஒரு டேபிள்ஸ்பூன் மணிக்கு 250 மி.லி. புதுப் பால் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் போதும். ஒரு மாதம் என்றால் காயவைப்பது நல்லது. இந்த வேலைக்கும், காய்ச்சி ஆறிய நீரில் மணியை அலசுங்கள். சுத்தமான துணியில் பரப்பி, இன்னொரு மெல்லிய துணியால் மூடி, மின்விசிறிக் காற்றில் இரண்டு, மூன்று நாள் விடுங்கள். வெயிலில் வைக்கக் கூடாது. எறும்பு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சளாகி, தட்டினால் கல்போலச் சத்தம் வந்ததும், பால் பவுடரில் புதைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஆறு மாதம் தாங்கும். திரும்பி வந்ததும் சென்னை வாசகிக்குச் சொன்ன முறையில் எழுப்பலாம்.

தேங்காய்ப்பாலிலோ இளநீரிலோ செய்ய முடியுமா?
— வாசகர், பொள்ளாச்சி

தேங்காய்ப்பாலில் இரண்டு, மூன்று முறை வரும். ஆனால் அதில் லாக்டோஸ் இல்லாததால் மணி மெலியும், மறுபடி மாட்டுப் பாலில் போட்டுத் தேற்ற வேண்டும். இளநீருக்கு வேண்டியது தண்ணீர் கெஃபிர் மணி. அது கண்ணாடிச் சில்லுபோல ஒளி ஊடுருவும், சர்க்கரைத் தண்ணீரில் வளரும், முற்றிலும் வேறு கூட்டம். இளநீரில் சர்க்கரை ஏற்கெனவே இருப்பதால் மேலும் சேர்க்க வேண்டாம். பாட்டிலில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், மூடியை இறுக்காதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் பாட்டில் வெடிப்பது வேடிக்கைப் பேச்சு அல்ல.

மிஞ்சிப் புளித்த கெஃபிரில் மோர்க்குழம்பு வைத்தேன், நன்றாக இருந்தது. சத்து போய்விடுமா?
— வாசகி, கும்பகோணம்

நுண்ணுயிர்கள் இறந்துவிடும். புரதமும் கால்சியமும் அப்படியே இருக்கும். கெஃபிர் மோரைவிடச் சீக்கிரம் திரிவதால், அரைத்த தேங்காயோடு கொஞ்சம் ஊறிய அரிசியும் சேர்த்து அரைத்து, கடைசியில் ஊற்றி, நுரை கூடியதும் இறக்கிவிடுங்கள். உயிரோடு வேண்டுமென்றால் நீர் கலந்து, இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்டு, உப்பும் பெருங்காயமும் சேர்த்து மோராகக் குடிக்கலாம். உப்பை வடிகட்டிய பிறகுதான் போட வேண்டும், மணி கிடக்கும் பாலில் அல்ல.